சும்மா டப்பாவிலும் வந்த ஸ்போர்

தங்கமீன் செவுளில் முடிச்சு போடும் ஓர் ஒட்டுண்ணியின் ஸ்போரை (விதை போல அது பரவும் பருவம்) சேற்றுப் புழுவுக்குக் கொடுத்துப் பார்க்க, புழு விட்ட இரண்டு டப்பா வைத்திருந்தேன். ஒன்றின் மூடியில் 'போட்டது' என்று எழுதியிருந்தேன், இன்னொன்றில் 'சும்மா'. 94-ம் நாள் 'போட்டது' டப்பாவில் ஸ்போர் தெரிந்தபோது, நோட்டில் தேதியைச் சிவப்பு மையில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டேன். மூன்று நாள் கழித்துச் 'சும்மா' டப்பாவிலும் அதே வடிவ ஸ்போர் வந்து நின்றது. ஒன்பது மாத வேலை அந்த இடத்தில் படுத்துவிட்டது. எங்கே கோட்டை விட்டேன் என்று இப்போது தெரிவதால், மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

ஆரம்பம் ஒரு சிமெண்ட் தொட்டி. சுமார் 600 லிட்டர், அடியில் ஒரு சாண் வண்டல், 11 தங்கமீன்கள். அதில் நாலு மீனுக்குச் செவுளில் வெள்ளை முடிச்சுகள் தெரிந்தன. வெண்புள்ளி நோய் என்று நானே முடிவுகட்டி, அந்த நாலையும் தனித் தொட்டிக்கு மாற்றினேன். லிட்டருக்கு 3 கிராம் உப்பு, ஹீட்டர் வைத்து 30 டிகிரி, 14 நாள். ஒரு முடிச்சுகூட அசையவில்லை. வெண்புள்ளி என்றால் ஒவ்வொரு புள்ளியும் சில நாளில் கழன்று விழும், புதுப் புள்ளி வேறு இடத்தில் வரும். முதல் நாளே ஒரு மீனின் செவுளைப் பென்சிலால் வரைந்து வைத்திருந்தேன். 14-ம் நாள் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தால் முடிச்சுகள் எல்லாம் அதே இடத்தில், கொஞ்சம் பெருத்து. படத்தை ஐந்தாம் நாளே எடுத்துப் பார்த்திருக்கலாம்.

நாலில் ஒன்று செத்தது. செவுளை வெட்டி எடுத்து, ஒரு முடிச்சை ஊசி முனையால் கீறினேன். பால் மாதிரி ஒரு துளி வெளியே வந்தது. அதை ஸ்லைடில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கவர்ஸ்லிப் மூடி, 400 மடங்கில் பார்த்தேன். பூசணி விதையைக் கொட்டிப் பரப்பியது போல ஆயிரக்கணக்கில் ஸ்போர்கள். ஒவ்வொன்றின் ஒரு முனையிலும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குமிழ். கொஞ்ச நேரம் பார்த்தால் ஜோடிக் கண்கள் நம்மையே முறைப்பது போல இருக்கும். என் கண்வில்லை அளவுகோலில் அந்த மடங்கில் ஒரு கோடு 2.5 மைக்ரான். ஸ்போர் நாலு முதல் நாலரைக் கோடு நீளம், அதாவது 10 முதல் 11 மைக்ரான். மிக்சோபோலஸ் என்ற மீன் ஒட்டுண்ணிப் பேரினம் என்பதற்கு அந்த வடிவமும் இரண்டு குமிழும் போதும். குமிழ் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு இழை சுருண்டு கிடக்கிறது, ஜெல்லிமீனின் கொட்டும் செல்லில் இருப்பது போலவே. இந்த ஒட்டுண்ணிகளை வெகுகாலம் ஒரு செல் உயிரி என்று வைத்திருந்தார்கள். இப்போது ஜெல்லிமீனின் உறவுக்கூட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

மருந்தால் போகாத நோய் என்று தெரிந்தது. சரி, மீனிடமிருந்து மீனுக்குத் தொற்றுகிறதா என்று பார்க்கலாம் என நினைத்தேன். மண், கல், செடி எதுவும் இல்லாத வெறும் கண்ணாடித் தொட்டி. முடிச்சுள்ள இரண்டு மீனும், வேறிடத்திலிருந்து வந்த, செவுள் சுத்தமாக இருந்த மூன்று மீனும். 60 நாள். வாரம் ஒருமுறை மூன்றின் செவுள்மூடியையும் விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். எதுவும் வரவில்லை. மூன்று மீனை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் ஏற்கனவே தெரிந்த கதையோடு ஒத்துப்போனது.

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நான் விழுந்த குழியும் அதே பக்கம்தான். டிரவுட் மீன்களைச் சுற்றிச் சுற்றி நீந்த வைக்கும் மிக்சோபோலஸ் செரிப்ராலிஸ் 1903-லேயே பெயர் பெற்றுவிட்டது. ஆனால் அதன் ஸ்போரை மீனுக்கு நேராகக் கொடுத்தால் நோய் வராது. சேற்றில் சில மாதம் ஊறினால்தான் ஸ்போருக்கு வீரியம் வரும் என்று நம்பினார்கள். இன்னொரு பக்கம், 1899-ல் செக் விலங்கியலாளர் ஷ்டோல்ட்ஸ் சேற்றுப் புழுக்களுக்குள் மூன்று வால் கொண்ட ஸ்போர்களைக் கண்டு அவற்றைத் தனிக் கூட்டமாக விவரித்திருந்தார். இரண்டும் ஒரே உயிரியின் இரண்டு பருவம் என்று கென் வுல்ஃபும் மரியா மார்கிவும் 1984-ல் எழுதும்வரை யாரும் இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. சேற்றில் ஊறியது என்று நினைத்த அந்த மாதங்களில் ஸ்போர் டியூபிஃபெக்ஸ் என்ற சேற்றுப் புழுவின் குடலில் வேறு உருவம் எடுத்துக்கொண்டிருந்தது.

இதைப் படித்த அன்றைக்கே எனக்கு ஒன்று உறைத்தது. ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்தத் தங்கமீன்களுக்கு உயிருள்ள சேற்றுப் புழுவைத்தான் தீனியாகப் போட்டு வந்தேன். தப்பித்த புழுக்கள் வண்டலில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன.

அப்புறம் புழு வேட்டை. தொட்டி மூலையிலிருந்து இரண்டு மக் வண்டல் எடுத்து, மாவுச் சல்லடையில் அலசி, மிஞ்சியதை வெள்ளைத் தட்டில் கொட்டினேன். புழுக்களை எடுக்க இடுக்கி சரிப்படவில்லை, பாதிப் புழு அறுந்துபோயிற்று. முனையைக் கத்தரித்து அகலமாக்கிய சொட்டுமருந்துக் குழாய்தான் கடைசிவரை கைகொடுத்தது. பெரும்பாலானவை பிராங்கியூரா என்ற சேற்றுப் புழு வகை. இதை அடையாளம் காண மைக்ரோஸ்கோப்கூட வேண்டாம். நாலைந்து சென்டிமீட்டர் நீளம், வால் பக்கம் இரண்டு வரிசையாக மெல்லிய செவுள் இழைகள், தண்ணீரில் சீப்பு போல விரிந்து நிற்கும்.

முதல் தவறு, எல்லாப் புழுவையும் ஒரே கிண்ணத்தில் அரை லிட்டர் தண்ணீரில் விட்டது. தினமும் காலையில் பத்துப் பதினைந்து சொட்டு எடுத்து ஸ்லைடில் தேடினேன். மூன்று வாரம் தேடியும் கிடைத்தது பாரமீசியமும் அழுக்கும்தான். கணக்குப் போட்டிருந்தால் அப்போதே நிறுத்தியிருப்பேன். தொற்றுள்ள புழு பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும், அது விடும் ஸ்போர் அரை லிட்டரில் கலந்துவிடும், நான் பார்த்தது அதில் அரை மில்லி.

இதற்கு ஜப்பானிய ஆய்வாளர் யோகோயாமா 1991-ல் ஒரு வழி கொடுத்திருக்கிறார். சோதனைச்சாலையில் பயன்படும் குழித்தட்டில் குழிக்கு ஒரு புழுவாக விட்டுவிடுவது. எந்தக் குழியில் ஸ்போர் வருகிறதோ அந்தப் புழுவுக்குத் தொற்று. நானும் 24 குழித் தட்டுகளுக்கு மாறினேன். குழிக்கு 2 மில்லி தண்ணீர்.

முதல் தட்டு ஒரே ராத்திரியில் காலி. குழாய்த் தண்ணீரின் குளோரின் 24 புழுவையும் வெள்ளையாக்கிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு நாள் காற்றோட்டம் கொடுத்து வைத்த தண்ணீர்தான். அடுத்த சுற்றில் மூடியைத் திறந்தே வைத்தேன், ஓரக் குழிகள் பாதி வற்றின, மூன்று புழு பக்கத்துக் குழிக்குக் குடிபெயர்ந்தது. யார் எந்த எண் என்பதே போயிற்று. மூன்றாவது சுற்றில் மூடி போட்டு, ஓரத்தில் ஈரத்துணி வைத்து, தட்டுகளை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடுக்கினேன். அது நன்றாக நின்றது. புழுக்கள் தீனியில்லாமல் இரண்டு வாரம் தாங்கின, தினமும் தண்ணீர் மாற்றினால் போதும்.

பார்ப்பதுதான் பெரிய வேலை. ஒரு நாளைக்கு நாலு தட்டு, 96 குழி. 40 மடங்கில் குழி குழியாகப் பார்க்க முதல் நாள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வால் ஸ்போர்கள் கண்ணாடி போல ஒளி ஊடுருவும், சாதாரண வெளிச்சத்தில் கண்ணில் படவே படாது. பிறகு கறுப்புத் தாளில் ஒரு காசு அளவு வட்டம் வெட்டி, மேடைக்குக் கீழே விளக்குக்கும் குழிக்கும் நடுவில் ஒட்டினேன். பின்புலம் கறுத்து, தண்ணீரில் இருப்பதெல்லாம் வெள்ளியாக மின்ன ஆரம்பித்தது. நேரம் 40 நிமிடத்துக்கு இறங்கியது. இந்த முயற்சி முழுக்க எனக்கு அதிகம் செலவானது நேரம். அதை மிச்சம் பிடித்தது அந்தக் காகித வட்டம்.

மூன்று சுற்றுக்கும் சேர்த்து 216 புழு. அதில் ஸ்போர் விட்டவை மூன்று.

முதலாவது, மூன்றாவது சுற்றின் ஆறாம் நாள், இரண்டாம் தட்டு, டி வரிசை 3-ம் குழி. கறுப்புப் பின்னணியில் ஏதோ சாய்வாக மிதந்தது. நூல் பிசிறு என்று நினைத்துத் தாண்டப் போனேன். மூன்று நூல், மூன்றும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பி, மூன்றும் ஒரே பக்கம் வளைந்திருந்தன. படகு நங்கூரத்தின் கொக்கிகளை இழுத்து நீட்டினால் எப்படியோ அப்படி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று, அதற்குப் பின்னால் ஏழெட்டு. அந்தக் குழியில் எண்ணி முடிக்கும்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. 100 மடங்கில் ஒரு வால் 18 முதல் 20 கோடு, அதாவது 180 முதல் 200 மைக்ரான். மீன் செவுளில் பார்த்த விதையைவிடக் கிட்டத்தட்ட இருபது மடங்கு நீளம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஒரே பிறவி என்று யாரும் சொல்லமாட்டார்கள், அத்தனை வருஷம் யாரும் சொல்லாததில் ஆச்சரியமும் இல்லை. வால்கள் சேரும் இடத்தில் குமிழ் மூன்று, விதையில் இருந்ததுபோல இரண்டு இல்லை. காம்பில்லாமல் வளைந்த மூன்று வால் என்றால் ராபியா வகை.

அதே குழியில் புழுவின் கழிவு ஒரு துணுக்கு கிடந்தது. அதை ஸ்லைடுக்கு எடுத்துப் பார்த்ததில் இன்னும் விரியாத பொட்டலம் ஒன்று அகப்பட்டது. மெல்லிய பைக்குள் எட்டு ஸ்போர், வால்கள் எல்லாம் மடங்கி உள்ளே. கவர்ஸ்லிப் ஓரத்தில் தண்ணீர் விட்டதும் பை கிழிந்தது, ஒவ்வொரு ஸ்போரும் குடை விரிவது போல வாலை நீட்டியது. வால் உள்ளே தண்ணீரை வாங்கி ஊதிக்கொள்கிறது. ஒன்று முழுக்க விரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு வாலை நீட்டி மூன்றாவது சிக்கிக்கொண்ட ஒன்றை மட்டும் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன், அது கடைசிவரை விரியவே இல்லை.

இன்னொன்றையும் சோதித்தேன். மீன் உடம்பின் வழுவழுப்பைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு ஸ்போர்களோடு சேர்த்தேன். அசைவில்லை. ஊசியால் கவர்ஸ்லிப்பை லேசாகத் தட்டினேன். உடனே சிலவற்றின் குமிழிலிருந்து இழை வெளியே பாய்ந்து நின்றது. வழுவழுப்பு இல்லாமல் வெறும் தண்ணீரில் வைத்து அதே மாதிரி தட்டியபோது ஒன்றுமே நடக்கவில்லை. மீனின் வாசனையும் வேண்டும், மீன் மேல் மோதவும் வேண்டும். காலில்லாத, நீந்தவும் தெரியாத ஒரு பிறவி, தூசி மேலும் இலை மேலும் மோதும்போதெல்லாம் தன் ஒரே தூண்டிலை வீசிவிட்டால் அதோடு கதை முடிந்தது.

இங்கேயே நிறுத்தியிருந்தால் நல்ல பெயரோடு போயிருக்கலாம். ஆசை விடவில்லை. செவுள் விதையைச் சுத்தமான புழுவுக்குக் கொடுத்து, அதிலிருந்து வால் ஸ்போரை வரவைத்துச் சுழற்சியின் பாதியையாவது வீட்டில் ஓட்டிப் பார்க்கலாம் என்று இறங்கினேன்.

சுத்தமான புழு எங்கே? குழித்தட்டில் 15 நாள் இருந்தும் ஒரு ஸ்போர்கூட விடாத புழுக்களைச் சுத்தம் என்று எடுத்துக்கொண்டேன். நான் விழுந்ததாக முன்பு சொன்ன குழி இதுதான். அப்போது எனக்கு மிகவும் கறாரான முறையாகத் தோன்றியது.

அப்படி 80 புழு. கொதிக்க வைத்து ஆறிய மெல்லிய மணல் இரண்டு சென்டிமீட்டர், மேலே ஒரு லிட்டர் தண்ணீர், மெதுவாகக் காற்று. டப்பாவுக்கு 40 புழு. வாரம் ஒருமுறை, கொதிக்க வைத்த கீரைத் துணுக்கு ஒரு சிட்டிகை. 'போட்டது' டப்பாவில் மூன்று முடிச்சுகளைப் பிழிந்த தண்ணீரை மணல் மேல் பரவலாக விட்டேன். 'சும்மா' டப்பாவில் வெறும் தண்ணீர். வெப்பநிலை 20 முதல் 23 டிகிரிக்குள் நின்றது. டிரவுட் ஒட்டுண்ணியில் 15 டிகிரி அளவில் புழுவுக்குள் மூன்று மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால், இதற்கும் அவசரப்படவில்லை.

60-ம் நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் வடிகட்டினேன். 20 மைக்ரான் கண் உள்ள நைலான் வலையை ஒரு பிவிசி குழாய்த் துண்டின் வாயில் ஒட்டிச் செய்த வடிகட்டி. டப்பாத் தண்ணீரை அதில் ஊற்றி, வலையைத் திருப்பிப் பிடித்து ஐந்து மில்லி தண்ணீரால் கழுவி, பெட்ரித் தட்டில் பார்ப்பது. குழி குழியாகப் பார்த்ததைவிடப் பத்துப் பங்கு சுலபம். ஒரே வடிகட்டியை இரண்டு டப்பாவுக்கும் பயன்படுத்தி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோய்விடக் கூடாது என்று, இரண்டு வடிகட்டி செய்து இரண்டு நிற டேப் சுற்றினேன்.

94-ம் நாள், நீல டேப், 'போட்டது': ஏழு ஸ்போர். 96-ம் நாள் முப்பதுக்கு மேல். 97-ம் நாள், முறைப்படி பார்க்க வேண்டிய நாளே இல்லை, சந்தோஷத்தில் மஞ்சள் டேப்பையும் எடுத்தேன். பெட்ரித் தட்டில் நங்கூரம் மிதந்தது. முதலில் வடிகட்டியைச் சந்தேகப்பட்டேன். புது வலை ஒட்டி மறுநாள் பார்த்தேன். இன்னும் கூட வந்திருந்தது.

நடந்தது எளிது. அந்தப் புழுக்களில் ஒன்றோ இரண்டோ தொட்டியிலேயே விதையைத் தின்றுவிட்டன. அவற்றுக்குள் ஒட்டுண்ணி முற்றவில்லை, அதனால் 15 நாளில் எதுவும் வெளியே வரவில்லை. மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும் ஒன்றை இரண்டு வாரத்தில் தேடிவிட்டு, இல்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மூன்று மாதக் கணக்கை நோட்டில் நானே எழுதி வைத்திருந்தேன், அதுவும் அதே பக்கத்தில். 'போட்டது' டப்பாவில் வந்தது நான் போட்டதால் வந்ததா, ஏற்கனவே இருந்ததா, பிரித்துச் சொல்ல வழியே இல்லை. 'சும்மா' டப்பாவை இடம் அடைக்கிறதென்று 50-ம் நாள் வாக்கில் தூக்கிப் போடப் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. செவுள் விதையும் புழுவின் நங்கூரமும் ஒரே இனம்தானா என்பதை வடிவம் சொல்லாது. ராபியா என்பது உருவத்துக்கு வைத்த பெயர், ஒரே உருவத்தில் பல இனங்கள் இருக்கின்றன. இனங்களைப் பிரித்தறியப் பயன்படும் 18எஸ் மரபணுவை இரண்டிலும் படித்து ஒப்பிட்டால்தான் உறுதி. அதற்காக இரண்டு வகையிலும் மாதிரி எடுத்து ஆல்கஹாலில் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த முறை ஃபார்மலின் பக்கமே போகமாட்டேன். முதல் மாதிரியை அதில் போட்டுவிட்டு, மரபணு எடுக்க அது ஆகாது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

சிமெண்ட் தொட்டியை வடித்து, வண்டலை முழுக்க வாரி, தேய்த்துக் கழுவிக் காயவிட்டேன். வெளியேற்றிய தண்ணீரில் பிளீச் கலந்து ஒரு ராத்திரி வைத்துவிட்டுத்தான் கொட்டினேன், சேற்றைக் கொதிக்க வைத்தேன். குழித்தட்டுத் தண்ணீருக்கும் இதே கதிதான், எதுவும் சாக்கடைக்கோ குளத்துக்கோ நேராகப் போகவில்லை. மீன்கள் இப்போது அடியில் மண் போடாத தொட்டியில் இருக்கின்றன, உயிருள்ள புழுத் தீனி நிறுத்தம். முடிச்சு இருந்த மூன்றில் ஒன்றுக்கு முடிச்சுகள் உடைந்து வடுவாகியிருக்கின்றன, மற்ற இரண்டுக்கும் அப்படியே நிற்கின்றன.

இந்த முறை முட்டைக்கூட்டிலிருந்து தொடங்குகிறேன். பிராங்கியூரா மணலில் விடும் முட்டைக்கூடுகளைச் சல்லடையில் பிரித்து, ஒவ்வொன்றையும் ஐந்தாறு முறை அலசி, தனித்தனிக் குழியில் போட்டேன். முதலாவது பொரிக்க 17 நாள் ஆனது. ஒரு கூட்டிலிருந்து இரண்டு குஞ்சு, நூல் போல, வாலில் சீப்பு இன்னும் சரியாக முளைக்கவில்லை. இதுவரை 31 குஞ்சு. டப்பா இந்த முறை மூன்று: 'போட்டது', 'சும்மா', மூன்றாவதில் விதையைக் கொதிக்க வைத்துப் போடப்போகிறேன். டேப்புக்குப் பச்சை வாங்க வேண்டும்.